உரோமாபுரியின் கல்லணிகள் தாளேறிய வரலாறு

பழம்பெரும் நகரங்கள் பகைவர் கையால் அழிந்தன என்றே நாம் பெரும்பாலும் படிக்கின்றோம். உரோமாபுரியின் கதை சற்று வேறானது. அந்நகரின் பழம்பெருமையைப் போற்றியவர்களும் அதன் பழங்கற்களைப் பெயர்த்தவர்களும் பல வேளைகளில் ஒருவராகவே இருந்தனர். ஒரு கையால் பழைய மன்றத்துப் பளிங்கைப் பெயர்த்துச் சுண்ணாம்புக் காளவாயிலிட்டு, மறு கையால் அதே பளிங்கின் பூவேலைப்பாட்டை வியந்து வரைந்துகொண்ட காலம் ஒன்று இருந்தது. ஐரோப்பிய வரலாற்றில் மறுமலர்ச்சிக் காலம் என்று புகழப்படும் பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளே அவை.

அக்காலத்தில்தான், செப்புத் தகட்டில் கீறித் தாளில் அச்சிடப்பெற்ற படங்கள் இத்தாலியில் பெருகின. அவற்றுள் ஒரு பகுதி, பழைய உரோமரின் தூண்தலைகளையும் பட்டிகைகளையும் கொடிக்கருக்குகளையும் மட்டுமே பொருளாகக் கொண்டது. தெய்வ வடிவோ அரசர் முகமோ இல்லாத இத்தாள்கள், வெறும் வேலைப்பாட்டின் படங்கள்தாமே என்று தள்ளத்தக்கவை அல்ல. கல் அழிந்த இடத்தில் சாட்சி கூறுபவை அவை. அவற்றைச் செய்தவர் யாவர் என்று ஆராயின், ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் கிடைக்கின்றது.

அணியும் அதன் இலக்கணமும்

நம் கோயில் தூண்களுக்குப் பலகை, போதிகை, கொடுங்கை என உறுப்புகள் வகுக்கப்பட்டிருப்பதுபோல், உரோமர் கட்டடங்களுக்கும் உறுப்பிலக்கணம் உண்டு. தூணின் அடி, தண்டு, தலை, அதன்மேற் கிடக்கும் உத்தரம், உத்தரத்தின்மேல் ஓடும் பட்டிகை, பட்டிகைக்கு மேல் நீண்டு நிற்கும் கொடுங்கை என்பன அவை. டோரியம், அயோனியம், கொரிந்தியம் என்னும் மூன்று முறைகளைக் கிரேக்கரிடமிருந்து பெற்ற உரோமர், அவற்றைத் தம் வழியில் செழிக்கச் செய்தனர். பட்டிகைகளில் எருத்துத் தலையோடுகளை வரிசையாக அமைத்து, அவற்றினிடையே மலர்மாலைகள் தொங்குவதாகச் செதுக்கினர். வேள்விக்கு வந்த எருதின் தலையும் அந்நாளில் கட்டிய மாலையும் கல்லில் நிலைபெற்ற வகை அது.

கொரிந்தியத் தூண்தலையின் பிறப்பைப் பற்றி விட்ருவியஸ் ஒரு கதை கூறுகின்றார். இவர் அகஸ்டஸ் பேரரசருக்குத் தம் கட்டடக்கலை நூலைக் காணிக்கையாக்கியவர். கொரிந்து நகரத்துக் கன்னி ஒருத்தி நோயுற்று இறந்தாள். அவள் விரும்பிய சிறு பொருள்களைச் செவிலி ஒரு கூடையிலிட்டுக் கல்லறைமேல் வைத்து, மழையில் நனையாதிருக்க ஓர் ஓட்டினால் மூடினாள். கூடைக்கடியில் அகாந்தஸ் என்னும் முட்செடியின் வேர் இருந்தது. இளவேனிலில் அது தழைத்துக் கூடையைச் சூழ்ந்து மேலேறி, ஓட்டின் மூலைகள் தடுத்ததால் நுனி சுருண்டு நின்றது. அவ்வழியே வந்த கல்லிமாக்கஸ் என்னும் சிற்பி அக்காட்சியைத் தூண்தலை ஆக்கினான் என்பது கதை. வரலாறோ புனைவோ, இலை கல்லாகிய விதத்தை இதனினும் அழகாகச் சொல்லுதல் அரிது. நம் நாட்டுக் கழிமுகங்களில் வளரும் கழுதைமுள்ளி இந்த அகாந்தஸ் இனத்தைச் சேர்ந்ததே.

காளவாயும் கடிதமும்

பேரரசு வீழ்ந்தபின் உரோமின் மக்கள்தொகை சுருங்கிற்று. மன்றங்களில் மண் மேடிட்டது. தூண்கள் இடுப்பளவு புதைந்தன. இடைக்கால மக்களுக்கு அப்பாழிடம் ஒரு கற்சுரங்கமாயிற்று. நல்ல பளிங்கைச் சுட்டால் நல்ல சுண்ணாம்பு கிடைக்கும். தேர்ந்த சிற்பியின் கைப்பட்ட கல் என்பதற்காகக் காளவாய் இரக்கம் காட்டுவதில்லை.

1515-ஆம் ஆண்டு, போப்பாண்டவர் பத்தாம் லியோ ஓவியர் இராபேலிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார். புனித பேதுரு பெருங்கோயிலின் திருப்பணிக்கு வேண்டிய கல்லை உரோமிலும் சுற்றுப்புறத்திலும் தேடிக் கொள்முதல் செய்யவேண்டும்; அதே வேளையில், எழுத்துப் பொறித்த பழங்கற்களை அவருடைய ஒப்புதலின்றி எவரும் வெட்டலாகாது. கல்லைச் சேர்ப்பவரும் அவரே. கல்லைக் காப்பவரும் அவரே! அக்காலத்தின் முரண் முழுவதும் இந்த ஓர் ஆணையிலே அடங்கிக் கிடக்கின்றது.

சில ஆண்டுகள் கழித்து, ஏறத்தாழ 1519-இல், இராபேல் தம் நண்பர் காஸ்திக்லியோனேயின் துணையுடன் போப்பாண்டவருக்கு ஒரு நீண்ட கடிதம் வரைந்தார். நாம் காணும் புதிய உரோம் முழுவதும் பழைய பளிங்கைச் சுட்ட சுண்ணாம்பினால் எழுந்தது என்னும் வேதனை அதில் ஒலிக்கின்றது. எஞ்சியவற்றை அளந்து, முறையாக வரைந்து வைக்கவேண்டும் என்பது அவர் திட்டம். 1520-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள், முப்பத்தேழு வயதில், அவர் மறைந்தார். திட்டம் நிறைவேறவில்லை. ஆயினும் வரைந்து வைத்தலே காத்தல் என்னும் கருத்து மறையவில்லை.

நிலத்தடியில் ஒரு மாளிகை

கி.பி. 64-இல் உரோம் பெருந்தீக்கு இரையானபின், நீரோ மன்னன் பொன்மாளிகை எனப்பட்ட பேரரண்மனையைக் கட்டுவித்தான். அவனுக்குப் பின்வந்தோர் அவன் நினைவையே அழிக்க விரும்பினர். டிராஜன் அதன்மேல் பெருங்குளியற்கூடம் எழுப்பியபோது, அறைகள் மண்ணால் நிரப்பப்பட்டு அடித்தளமாயின. அழிக்கும் நோக்கில் கொட்டிய மண், சுவரோவியங்களைப் பதினான்கு நூற்றாண்டுகள் காத்தது.

1480-ஆம் ஆண்டையொட்டி அவ்வறைகள் கண்டறியப்பட்டன. ஓவியர்கள் மேலே இருந்த துளைகள் வழியே இறங்கி, விளக்கொளியில் தவழ்ந்து சென்று, கூரையையும் மேற்சுவரையும் கண்டனர். அறை முக்காலும் மண் நிரம்பியிருந்ததால், அரண்மனை அவர்களுக்குக் குகையாகத் தோன்றிற்று. குகைக்கு இத்தாலிய மொழியில் ‘குரோத்தா’ என்று பெயர். ஆதலின் அங்குக் கண்ட ஓவிய முறைக்குக் ‘குரோத்தெஸ்கா’ எனப் பெயரிட்டனர். பாதி மனிதன் பாதி இலையான உருவங்கள், மெல்லிய தண்டின்மேல் நிற்கும் சிறுகோயில்கள், வால் கொடியாகிப் படரும் விலங்குகள் முதலியவை இம்முறையின் பொருள்கள். நம் கோயில் மகரதோரணங்களில் விலங்கின் வாய் கொடியை உமிழ்வதைக் கண்டு பழகிய கண்ணுக்கு இவை புதியன அல்ல.

இத்தகைய ஓவியத்தை விட்ருவியஸ் தம் காலத்திலேயே கடிந்துரைத்திருந்தார். நாணல் எவ்வாறு கூரையைத் தாங்கும், இல்லாததையும் இருக்க முடியாததையும் வரைவது தகுமோ என்பது அவர் கேள்வி. மறுமலர்ச்சிக் கலைஞர் விட்ருவியஸின் நூலைத் தலைமேற்கொண்டனர். அவர் கடிந்ததையும் நெஞ்சில் கொண்டனர். இராபேலும் அவர் உதவியாளர் ஜொவான்னி த உதினேயும் அவ்வறைகளில் இறங்கிக் கற்றதை வத்திக்கான் மாளிகையின் நடைக்கூடத்தில் 1519-ஆம் ஆண்டுக்குள் தீட்டி முடித்தனர்.

இறங்கியவர்களுள் சிலர் தம் பெயரைச் சுவரிலே கீறிச் சென்றனர். அப்பெயர்களுள் ஒன்று நிக்கொலெத்தோ த மோதெனா. உடன் இருக்கும் ஆண்டு 1507. இவர் செப்புத் தகட்டில் கீறும் தொழிலர். பொன்மாளிகையில் கண்ட அணிமுறையை நீண்ட செங்குத்துப் பலகை வடிவில் அச்சுப்படமாக்கிய தொடக்க காலத்தவருள் ஒருவர். அவர் கையால், உரோமுக்கு ஒருநாளும் செல்லாதவனும் அந்தக் கூரையின் வேலைப்பாட்டைத் தன் பட்டறையில் விரித்துப் பார்க்கும் நிலை தோன்றிற்று.

செப்புத் தகடு செய்த வேலை

மெருகேற்றிய செப்புத் தகட்டில் கூரிய எஃகு உளியால் கோடுகளைக் கீறுவர். தகடு முழுவதும் மை தடவித் துடைத்தால், மேற்பரப்பு தூய்மையாகி, கீறிய பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே கடும் அழுத்தத்தில் செலுத்தினால், தாள் பள்ளத்திலுள்ள மையை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான படிகள் எடுக்கலாம். கோடு தேய்ந்தால் மீண்டும் ஆழப்படுத்தலாம்.

இம்முறையில் ஒரு சிக்கல் உண்டு. தகட்டில் வலப்புறம் இருப்பது தாளில் இடப்புறமாக விழும். ஒருவர் வெளியிட்ட படத்தை மற்றொருவர் அப்படியே பார்த்துத் தகட்டில் கீறினால், அவருடைய படி கண்ணாடியில் கண்டாற்போல் திரும்பிவிடும். இடமிருந்து வலம் படரும் கொடி வலமிருந்து இடம் படரும். தூண்தலைக்கு இதனால் பெருங்கேடில்லை. இருபுறமும் ஒத்தது அது. தொடர்ந்து படரும் கொடிக்கருக்கிலோ எது மூலத்தின் திசை என்று பிற்காலத்தார் திகைக்க நேரிட்டது. உடைந்த கல்லை உடைந்தபடியே காட்டியவர் சிலர். முழுமையாக்கிக் காட்டியவர் பலர். ஆகவே அச்சுப்படம் சாட்சிதான். குறுக்கு விசாரணைக்கு உட்படுத்த வேண்டிய சாட்சி.

வேலைப்பாட்டைக் கண்டவர்கள் அதன் பொருளைக் கண்டார்கள் என்பதும் உறுதியன்று. உரோமின் மதிலுக்கு வெளியே உள்ள புனித லொரென்சோ கோயிலில் பழம் பட்டிகைத் துண்டுகள் சில இருந்தன. வேள்விக் குருக்களின் கத்தி, கெண்டி, தட்டு, எருத்துத் தலையோடு முதலியவை அவற்றில் செதுக்கப்பட்டிருந்தன. மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர் அவற்றை எகிப்தியரின் மறைபொருள் எழுத்துகள் என்று மயங்கினர். 1499-இல் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் அச்சகம் வெளியிட்ட ‘போலிபிலோவின் கனவுப் போர்’ என்னும் படநூலில் அவ்வுருவங்கள் எழுத்துகளாகவே ‘மொழிபெயர்க்க’வும் பட்டன! வழிபாடு மறைந்தபின் அதன் கருவிகள் புதிர்களாகிவிடுகின்றன. அக்கற்கள் இன்று உரோமில் கப்பித்தோலின் அருங்காட்சியகத்தில் உள்ளன.

1527: சிதறியவர்கள்

1527-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை உரோமுக்குள் புகுந்து நகரைச் சூறையாடியது. கலைஞர்கள் திசைக்கு ஒருவராய்ச் சிதறினர். செப்புத்தகட்டுக் கலையின் தலைவராக விளங்கிய மார்க்கந்தோனியோ ராய்மொந்தி, பிடித்தவர்களுக்குப் பணயப்பணம் செலுத்தி, உடைமை அனைத்தும் இழந்து வெளியேறினார் என்று வசாரி எழுதுகின்றார்.

வெனிசுக்குப் பெயர்ந்தவர்களுள் பொலோஞ்ஞா நகரத்துச் செபஸ்தியானோ செர்லியோ ஒருவர். அவரும் அகொஸ்தீனோ வெனிசியானோ என்னும் செதுக்குநரும் சேர்ந்து, 1528-இல் ஒன்பது அச்சுப்படங்களை உருவாக்கினர். டோரியம், அயோனியம், கொரிந்தியம் ஆகிய மூன்று முறைகளுக்கும், தூணடி, தூண்தலை, மேலுறுப்பு என மும்மூன்று படங்கள். பிறர் அவற்றைத் திருடி அச்சிடாதிருக்க வெனிஸ் ஆட்சிமன்றத்திடம் உரிமைப் பாதுகாப்பும் கோரினர். எல்லாவற்றையும் விட்டு வந்தவர்கள், தூணின் இலக்கணத்தை ஒன்பது தாள்களில் திரட்டிய செயல் இது. பின்னர்ச் செர்லியோ 1537-இலும் 1540-இலும் விரிவான படநூல்களை வெளியிட்டு, பிரெஞ்சு மன்னரின் அழைப்பின்பேரில் அந்நாட்டுக்குச் சென்று, அங்கேயே காலமானார்.

அதே ஆண்டுகளில் தூண்தலைகளையும் தூணடிகளையும் கீறிய மற்றொருவரின் பெயர்கூட நமக்குக் கிட்டவில்லை. ‘ஜி. ஏ.’ என்னும் இரண்டெழுத்தும், நெருஞ்சிமுள் போன்ற நான்முனை முள்ளின் குறியும் மட்டுமே அவர் தாள்களில் உள்ளன. நம் கோயில்களைச் செதுக்கிய சிற்பியரிற் பலர் அந்த இரண்டெழுத்தையும்கூட விட்டுச் செல்லவில்லை என்பது இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது.

‘உரோமின் பெருமைக் கண்ணாடி’

சூறைக்குப்பின் உரோம் மீண்டெழுந்தது. 1544 அளவில் அங்கு வந்து சேர்ந்தார் அந்தோனியோ லாப்ரேரி. இன்றைய பிரான்சின் கிழக்குப் பகுதியில் பிறந்தவர். அங்கே முன்னமே தொழில் நடத்திவந்த அந்தோனியோ சலமாங்காவுக்குப் போட்டியாகக் கடை விரித்தார். ஒருவர் வெளியிட்ட படத்தை மற்றவர் மறுபடி கீறி விற்றனர். 1553-இல் இருவரும் கூட்டுச் சேர்ந்தனர். பழைய வளைவுகள், கோயில்கள், தூண்கள், சிலைகள் என அவர்கள் கடையில் கிடைத்த தாள்கள் ஏராளம்.

1570-களில் லாப்ரேரி அவற்றுக்கென ஒரு முகப்புத்தாளை அச்சிட்டார். ‘உரோமின் பெருமைக் கண்ணாடி’ என்பது அதன் பொருள். இது வரையறுத்த நூலன்று. கடைக்கு வந்தவர் தமக்கு வேண்டிய தாள்களைத் தெரிந்தெடுத்து, முகப்புத்தாளோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். ஆதலின் ஒருவர் தொகுப்பு மற்றொருவருடையதை ஒத்திராது. வடநாட்டுப் பயணி தன் ஊருக்கு எடுத்துச் சென்றது தன் உரோமை. இன்று சிக்காகோப் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள தொகுப்பில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் தாள்கள் உள்ளன.

இக்கலைஞரின் பெயர்களை மீண்டும் ஒருமுறை பார்ப்போம். மோதெனாவின் நிக்கொலெத்தோ, உதினேயின் ஜொவான்னி, வெனிசின் அகொஸ்தீனோ, எசுப்பானிய நகரமான சலமாங்காவின் அந்தோனியோ. ஊர்ப்பெயரைத் தம் பெயருக்கு முன் சுமக்கும் வழக்கமுள்ள நமக்கு இது புரியாத செய்தியன்று. இவர்களிடையே உரோமிற் பிறந்தவரைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். உரோமின் அணியை உலகறியத் தாளிற் பதித்தவர்களுள் பெரும்பாலோர் உரோமுக்கு வந்தேறியவர்கள். அன்றாடம் பார்த்துப் பழகியவனுக்குப் பாழ் மன்றம் மாடு மேயும் திடல். நெடுவழி நடந்து வந்தவனுக்கோ ஒவ்வொரு துண்டும் காணக் கிடைத்த பேறு.

இலை சென்ற வழி

தாளின் பயணம் விந்தையானது. பார்மா நகரத்து எனேயா விக்கோ 1541-இல் குரோத்தெஸ்கா அணிகளின் வரிசையொன்றை வெளியிட்டார். பிரான்சில் ஜாக் ஆந்த்ருயே து செர்சோ இத்தாலியப் படங்களைப் பின்பற்றி 1550-இலும் 1566-இலும் தம் வரிசைகளை அச்சிட்டார். அப்பிரெஞ்சுத் தாள்கள் மீண்டும் இத்தாலிக்கு வந்து, உர்பினோ நகரத்து மட்கலப் பட்டறைகளில் வெண்பூச்சுத் தட்டுகளின் விளிம்பில் ஓவியமாயின. நீரோவின் கூரையிலிருந்து புறப்பட்ட உருவம் மலை கடந்து சென்று, விருந்து மேசைக்குத் திரும்பி வந்தது!

இந்தப் படநூல் மரபின் நெடுந்தொலைவுக் கிளையொன்று நம் சென்னையையும் தொட்டது. உரோமில் பயின்ற ஜேம்ஸ் கிப்ஸ் என்னும் சிற்பநூலார், இலண்டன் நகரில் தாம் கட்டிய புனித மார்ட்டின் கோயிலின் படங்களை, ஏற்றுக்கொள்ளப்படாத வட்டவடிவத் திட்டத்தோடு சேர்த்து, 1728-இல் அச்சிட்டார். எழும்பூரில் 1818 முதல் 1821 வரை தெ ஹாவிலாந்து கட்டிய புனித ஆண்ட்ரூ கோயில் அம்மரபைத் தழுவியது. வட்டமான அதன் நடுக்கூடத்தில் கொரிந்தியத் தலைகளையுடைய பதினாறு தூண்கள் விமானத்தைத் தாங்குகின்றன. கன்னியின் கூடையைச் சூழ்ந்த இலையை எழும்பூரிலும் காணலாம். அக்காலத்துச் சென்னைக் கொத்தர்கள் கிளிஞ்சற் சுண்ணாம்பை அரைத்துப் பூசிப் பளிங்குபோல் மெருகேற்றுவதில் பெயர்பெற்றவர்கள். உரோமில் பளிங்கு சுண்ணாம்பாயிற்று. சென்னையில் சுண்ணாம்பு பளிங்காயிற்று.

எஞ்சியது எது?

செப்திமியஸ் செவேரஸ் பேரரசன் கி.பி. 203-இல் பாலத்தீன் குன்றின் அடியில் எழுப்பிய செப்திசோதியம் என்னும் மூன்றடுக்குத் தூண்முகப்பின் ஒரு மூலை, பதினாறாம் நூற்றாண்டிலும் நிமிர்ந்து நின்றது. லாப்ரேரி 1546-இல் அதன் படத்தை வெளியிட்டார். 1588-89-இல் போப்பாண்டவர் ஐந்தாம் சிக்ஸ்டஸ் தம் புதிய பணிகளுக்காக அதனை இடித்துக் கல்லை எடுத்துக்கொண்டார். நெர்வா மன்றத்தின் மினர்வா கோயிலை எதியேன் துபெராக் 1575-இல் தம் படநூலில் காட்டினார். 1606-இல் ஐந்தாம் பால் அதனை இடித்தார். அதன் பளிங்கு ஜனிக்குலம் குன்றின் நீரூற்றுக்குப் பயன்பட்டது. அவ்விரு கட்டடங்களின் தோற்றத்தையும் இன்று நாம் அறிவது, அவை நின்றபோது கண்டு வரைந்தவர்களின் சுவடிகளாலும் இத்தகைய அச்சுத்தாள்களாலுமே.

தாள் கல்லுக்கு ஈடாகாது. கல்லின் எடை தாளில் இல்லை. வெயில் சாயும்போது இலைகளினிடையே படியும் நிழல் இல்லை. சில வேளை திசைகூடச் சரியாக இல்லை. ஆயினும் கல்லுக்கு வாய்க்காத ஒன்று தாளுக்கு வாய்த்தது. அது சுருட்டி எடுத்துச் செல்லத்தக்கது. சூறையிலிருந்து தப்பியோடுபவன் தூணைத் தூக்கிச் செல்ல முடியாது. தூணின் இலக்கணத்தை எடுத்துச் செல்ல முடியும்.

நம்மிற் பலர் ஆண்டுக்கொருமுறை ஊருக்குச் செல்கின்றோம். அங்குள்ள பழங்கோயிலின் தூணில் தேய்ந்துகொண்டிருக்கும் கொடிக்கருக்கைக் கடந்து, நேரே கருவறைக்கு நடந்து, உடனே திரும்பிவிடுகின்றோம். அடுத்தமுறை அத்தூணருகே சற்று நின்று, உடன் வரும் பிள்ளைகளிடம் ஒரு தாளையும் எழுதுகோலையும் கொடுத்து, கண்டதைக் கண்டபடி வரையச் சொல்லலாம். கொடியின் திசை மாறாமல் வரைகின்றார்களா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.